ஆங்கிலத்தின் ‘ஷ்வா’ ஒலி: சொல்லும் முறையும் எழுதும் முறையும்

ஆங்கிலப் பேச்சில் மிகுதியாகக் கேட்கும் உயிரொலிக்கு ஆங்கில நெடுங்கணக்கில் தனி எழுத்து கிடையாது. ‘அபவுட்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்தும், ‘ப்ராப்ளம்’ என்பதன் கடைசி அசையில் ‘இ’ என்ற எழுத்தும், ‘ஃபேமிலி’ என்பதன் நடுவில் ‘ஐ’ என்ற எழுத்தும், ‘லெமன்’ என்பதில் ‘ஓ’ என்ற எழுத்தும், ‘சர்க்கஸ்’ என்பதன் முடிவில் ‘யு’ என்ற எழுத்தும், ‘அனாலிசிஸ்’ என்பதன் நடுவில் ‘ஒய்’ என்ற எழுத்தும் குறிப்பது ஒரே ஒலியைத்தான். மொழியியலார் அதை ‘ஷ்வா’ என்று அழைக்கிறார்கள். அகராதிகளில் சிறிய ‘இ’ எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்த குறியீட்டால் அதைக் காட்டுகிறார்கள். ஜெர்மன் மொழியறிஞர் யோஹான் ஆண்ட்ரெயாஸ் ஷ்மெல்லர் 19ஆம் நூற்றாண்டில் கையாண்ட அக்குறியீடே பின்னர் பன்னாட்டு ஒலியியல் நெடுங்கணக்கிலும் இடம்பெற்றது. (இக்கட்டுரையில் ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயரால், மேற்கோள்குறிக்குள் குறிப்பிடுகிறேன்.)

தமிழ்வழியில் ஆங்கிலம் கற்பவருக்கு இந்த ஒலி இரண்டு இடங்களில் தொல்லை தருகிறது. பேசும்போது எழுத்தில் உள்ளதை அப்படியே முழு உயிராக ஒலித்துவிடுகிறோம். அதனால் பிறர் இயல்பான வேகத்தில் பேசும் ஆங்கிலம் காதில் பிடிபடுவதில்லை. எழுதும்போதோ, காதில் விழுவது ஒரே மங்கலான ஒலியாக இருப்பதால் ‘ஏ’ போடுவதா ‘இ’ போடுவதா என்று கை நிற்கிறது. உச்சரிப்பை ஒரு பாடமாகவும் ஸ்பெல்லிங்கை வேறொரு பாடமாகவும் கற்பிக்கும் வழக்கம் இந்த ஒலியைப் பொறுத்தவரை பயன் தராது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டுக்கும் திறவுகோல் அசையழுத்தம்தான், அதாவது சொல்லின் ஓர் அசையை மற்றவற்றைவிட ஓங்கி, நீட்டி ஒலிப்பது. ஓர் அசையிலிருந்து அழுத்தம் விலகும்போது அதன் உயிர் மங்கி ஷ்வா ஆகிறது. அதே வேரிலிருந்து வந்த வேறொரு சொல்லில் அழுத்தம் அந்த அசைக்குத் திரும்பும்போது, மறைந்திருந்த எழுத்து தெளிவாகக் கேட்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் அதன் கிளைகளே.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத்துகளை முழுமையாக ஒலிப்பது இந்திய ஆங்கிலத்தின் இயல்புகளில் ஒன்று. அது இழுக்கு அன்று, நம்மிடையே பேசும்போது அதனால் எந்தக் குழப்பமும் வருவதில்லை. ஆனால் வேற்று நாட்டவரின் பேச்சைப் புரிந்துகொள்ளவும், அவர்கள் நம் பேச்சைச் சிரமமின்றித் தொடரவும், ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளில் கேட்டதைச் சரியான எழுத்துக்கூட்டலோடு எழுதவும் இந்த ஒலியை அறிந்திருப்பது பெரிதும் உதவும்.

வாய் செய்ய வேண்டியது

ஷ்வாவை ஒலிக்க வாய் ஏறக்குறைய ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. நாக்கு மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல், முன்னும் பின்னும் நகராமல் நடுவில் கிடக்கும். உதடுகள் குவியவும் மாட்டா, விரியவும் மாட்டா. தாடை சிறிதளவே திறந்திருக்கும். ஒலி மிகக் குறுகிய நேரமே நீடிக்கும். முகவாய்க்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் அகரத்துக்கே தாடை நன்றாக இறங்குவது கையில் தெரியும். அடுத்து ‘கடல்’ என்ற சொல்லைச் சாதாரணப் பேச்சு வேகத்தில் சொல்லுங்கள். இரண்டாம் அசையில் உள்ள அகரம் முதல் அசையின் அகரத்தைவிடச் சற்றுச் சுருங்கி, தாடை குறைவாகவே இறங்குகிறது. அந்த இரண்டாம் அகரத்தை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, இன்னும் கொஞ்சம் குறுக்கினால் ஷ்வாவுக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள்.

உதடுகளைத் தளர விடுவதற்கு நம்மிடமே நல்ல பயிற்சி ஒன்று உண்டு. தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாகச் சொல்லும் குற்றியலுகரம், உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைந்து ஒலிப்பதாகும். கண்ணாடி முன் நின்று ‘பசு’, ‘தெரு’ என்று சொல்லுங்கள். இறுதியில் உதடு குவிகிறது. ‘காசு’, ‘பாட்டு’, ‘பந்து’ என்று சொல்லுங்கள். உதடு குவியாமல் தளர்ந்தே நிற்கிறது. அந்தத் தளர்ச்சிதான் ஷ்வாவுக்கும் வேண்டும். குற்றியலுகரம் ஒலிக்கும்போது நாக்கு சற்று உயர்ந்தும் பின்வாங்கியும் இருக்கும். அங்கிருந்து நாக்கைச் சிறிது இறக்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவே. ஓர் உயிர் தான் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் குறுகி ஒலிக்கும் என்பதை இரண்டாயிரம் ஆண்டு இலக்கண மரபு நமக்குச் சொல்லித் தந்திருக்கும்போது, ஷ்வாவை நமக்கு முற்றிலும் அயலான ஒலியாக நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: குற்றியலுகரத்தை ஆங்கிலச் சொற்களின் வாலில் ஒட்டி ‘பஸ்ஸு’, ‘புக்கு’ என்று சொல்லும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். அங்கே ஆங்கிலத்தில் உயிரே கிடையாது.

முதற்பயிற்சிக்கு ஏற்றவை ‘ஏ’ எழுத்தில் முடியும் சொற்கள். சோஃபா, கேமரா, இந்தியா, சைனா, ஆஃப்ரிக்கா ஆகியவற்றின் இறுதியை நாம் நெடிலாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது குறிலிலும் குறுகிய ஷ்வா. ‘பனானா’ என்ற சொல்லில் மூன்று ‘ஏ’ எழுத்துகள் உள்ளன. நடுவில் உள்ளதே ஓங்கி நீண்டு ஒலிக்கும், முதலும் கடையும் ஷ்வா. இந்த ஒரு சொல்லை மெலிவு, அழுத்தம், மெலிவு என்ற வரிசையில் சரியாகச் சொல்லப் பழகிவிட்டால், மற்றச் சொற்களுக்கு அதுவே அளவுகோலாகிவிடும்.

நம் காது இந்த ஒலியை ஏற்கெனவே நன்றாகவே பிடித்திருக்கிறது என்பதற்குச் சான்றுகள் தமிழிலேயே உள்ளன. ‘கலெக்டர்’, ‘கமிஷனர்’, ‘கமிட்டி’, ‘கண்டக்டர்’, ‘கம்ப்யூட்டர்’ ஆகிய எல்லாச் சொற்களிலும் ஆங்கிலத்தில் முதலில் வரும் உயிரெழுத்து ‘ஓ’தான். ஆயினும் ‘கொலெக்டர்’ என்றோ ‘கோமிஷனர்’ என்றோ நாம் சொல்வதில்லை. இச்சொற்கள் காதின் வழியே தமிழுக்குள் வந்தவை. கேட்ட ஷ்வாவை அகரமாகவே எழுதிக்கொண்டோம். ‘போலீஸ்’, ‘கவர்மெண்ட்’ போன்றவற்றில் எழுத்தின் பிடி வென்றிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘போலீஸ்’ என்பதன் முதல் உயிர் ஷ்வா, ‘கவர்மெண்ட்’ என்பதன் கடைசி உயிரும் ஷ்வா. அன்றாடம் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை எடுத்து, எது காதின் வழியே வந்தது, எது கண்ணின் வழியே வந்தது என்று பிரித்துப் பார்ப்பது நான் பெரிதும் விரும்பிப் பரிந்துரைக்கும் பயிற்சி.

அழுத்தம் எங்கே என்று அறிதல்

ஒரு சொல்லில் ஷ்வா எங்கே வரும் என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகியவற்றின் கற்போர் அகராதிகளில் சொல்லுக்கு அருகில் ஒலிக்குறிப்பும், அழுத்தமுள்ள அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடும் இருக்கும். இணையப் பதிப்புகளில் ஒலிப்பதிவையும் கேட்கலாம். சொல்லின் பொருளைப் பார்க்கும்போதே அந்தக் கோட்டையும் பார்க்கும் பழக்கம் வேண்டும். மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க அகராதி ஒன்றைப் பயன்படுத்துபவர்கள், அங்கே ‘கப்’ என்ற சொல்லில் வரும் அழுத்தமுள்ள உயிருக்கும் இதே தலைகீழ்க் குறியீட்டையே இடுகிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் அகராதிகள் அந்த இரண்டையும் வெவ்வேறு குறியீடுகளால் காட்டும்.

அழுத்தம் நகரும்போது உயிர்கள் எப்படி மாறுகின்றன என்பதைக் காண ‘ஃபோட்டோகிராஃப்’ குடும்பத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ஆகவே முதல் ‘ஓ’ முழுமையாக ஒலிக்கிறது, இரண்டாம் ‘ஓ’ ஷ்வாவாக மங்குகிறது. ‘ஃபோட்டோகிராஃபி’ என்று கலையின் பெயரைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. இப்போது முதல் ‘ஓ’ மங்கி, இரண்டாம் ‘ஓ’ தெளிந்து, அடுத்துள்ள ‘ஏ’யும் ஷ்வா ஆகி, ஏறக்குறைய ‘ஃபட்டாக்ரஃபி’ என்று கேட்கிறது. ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்று பெயரடையாக்கினால் அழுத்தம் மூன்றாம் அசைக்குப் போய் ‘ஏ’ தெளிவடைகிறது. மூன்று சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லி, அழுத்தமுள்ள அசையில் மட்டும் மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். தட்டு விழும் அசையை நீட்டிச் சொல்வதில் கவனம் வைத்தால் போதும். மற்ற அசைகள் தாமாகவே குறுகும். ஷ்வாவைத் தேடிப் பிடித்து ஒலிக்க முயல்பவர்கள் தடுமாறுகிறார்கள். அழுத்தத்தைச் சரியாக வைப்பவர்களுக்கு ஷ்வா தானே வந்து சேர்கிறது.

அழுத்தத்தின் இடத்தைச் சில ஈறுகள் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கின்றன. ‘ஷன்’ என்று ஒலிக்கும் ஈறுகள், ‘இக்’, ‘இட்டி’ என்னும் ஈறுகள் ஆகியவற்றுக்கு நேர்முன் உள்ள அசையில் அழுத்தம் விழும்: எஜுகேஷன், டெமாக்ரடிக், எலக்ட்ரிசிட்டி. ‘இக்’ ஈற்றுக்கு ‘பாலிடிக்ஸ்’, ‘அரித்மெடிக்’, ‘அரபிக்’ போன்ற விலக்குகள் உண்டு. ‘க்ரஃபி’, ‘லஜி’, ‘க்ரசி’ என முடியும் சொற்களில், முடிவிலிருந்து எண்ணினால் மூன்றாம் அசையில் அழுத்தம் இருக்கும்: ஜியாக்ரஃபி, பயாலஜி, டெமாக்ரசி.

ஒரே எழுத்துகளைக் கொண்ட சொல் பெயராக வரும்போது ஒருவகையாகவும் வினையாக வரும்போது வேறுவகையாகவும் ஒலிப்பதும் இதனால்தான். நடத்தையைக் குறிக்கும் ‘காண்டக்ட்’ என்ற பெயரில் முதல் அசை அழுத்தம் பெறும். நடத்து என்று பொருள்படும் வினையில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போவதால் முதல் அசை ‘கன்’ என மங்கும். பொருளைக் குறிக்கும் ‘ஆப்ஜெக்ட்’ என்ற பெயருக்கும் மறுப்புத் தெரிவிக்கும் ‘அப்ஜெக்ட்’ என்ற வினைக்கும், விளைபொருளைக் குறிக்கும் ‘ப்ராட்யூஸ்’ என்ற பெயருக்கும் உற்பத்தி செய்வதைக் குறிக்கும் ‘ப்ரட்யூஸ்’ என்ற வினைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

சிறு சொற்கள்

தனிச்சொற்களில் வரும் ஷ்வாவைவிட, வாக்கியங்களில் சிறு இணைப்புச் சொற்களில் வரும் ஷ்வாதான் நம் காதை அதிகம் ஏமாற்றுகிறது. ஆஃப், டு, ஃபார், ஃப்ரம், அட், ஆண்ட், கேன், வாஸ், தேன், தெம் போன்ற சொற்களுக்கு வலிந்த வடிவம் ஒன்றும் மெலிந்த வடிவம் ஒன்றும் உண்டு; வாக்கியத்தின் இடையில் அழுத்தமின்றி வரும்போது பெரும்பாலும் மெலிந்த வடிவமே ஒலிக்கும். ‘எ கப் ஆஃப் டீ’ என்று நாம் நான்கு சொற்களாகச் சொல்வதை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ‘அ-கப்-அவ்-டீ’ என்று, கப், டீ இரண்டை மட்டும் ஓங்கி, மற்றவற்றை விழுங்கிச் சொல்கிறார்கள். கேட்பவர் நான்கு முழுச் சொற்களை எதிர்பார்த்திருந்தால் இரண்டைத் தவறவிடுவார். ‘தி’ என்று நாம் எப்போதும் சொல்லும் சுட்டுச்சொல், மெய்யொலிக்கு முன் ஷ்வாவோடு ‘த’ போலவும், உயிரொலிக்கு முன் ‘தி’ என்றும் ஒலிக்கும். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்த்தே இது தீர்மானமாகும் என்பதால் ‘யூனிவர்சிட்டி’க்கு முன் ‘த’, ‘ஹவர்’ என்பதற்கு முன் ‘தி’.

இதில் பொருளே தலைகீழாகக்கூடிய இடம் ஒன்று உண்டு. ‘ஐ கேன் கம்’ என்று வர இயலும் எனச் சொல்லும்போது ‘கேன்’ என்பது மெலிந்து ‘கன்’ என்றோ ‘க்ன்’ என்றோ சுருங்கி, ‘கம்’ என்ற வினை ஓங்கும். இயலாது என்று சொல்லும் ‘கான்ட்’ எப்போதும் முழு உயிரோடு, அழுத்தத்தோடு ஒலிக்கும். இறுதி ‘டி’ பேச்சில் அடுத்த மெய்யோடு கரைந்து பல நேரங்களில் கேட்காமலே போகும். ஆகவே அவர்களுடைய காது ‘டி’யைத் தேடுவதைவிட உயிர் முழுதா மெலிவா என்பதையே அதிகம் கவனிக்கிறது. நாம் ‘கேன்’ என்பதை அழுத்தி முழுதாகச் சொன்னால், வருகிறேன் என்பது வரமாட்டேன் என்று கேட்கப்படும் வாய்ப்பு இருக்கிறது. தொலைபேசியில் பேசுபவர்கள் இந்த ஒன்றையாவது கட்டாயம் பழக வேண்டும்.

எல்லா இடத்திலும் மெலிவிப்பதும் தவறு. வாக்கியத்தின் முடிவில் நிற்கும் சிறு சொல்லுக்கு வலிந்த வடிவமே வரும்: ‘வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’ என்பதில் ‘ஃபார்’ முழுமையாக ஒலிக்கும். ஒன்றை வேறொன்றோடு வேறுபடுத்தி அழுத்திச் சொல்லும்போதும் அப்படியே.

எழுதும்போது உறவுச் சொல்லைக் கேளுங்கள்

ஆங்கிலத்தில் அழுத்தமற்ற உயிர்கள் மங்கத் தொடங்கியது அச்சு வருவதற்கு நெடுங்காலம் முன்பு. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை அமைத்த பின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது. சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755இல் வெளிவந்தபோது அது பெரும்பாலும் இன்றைய வடிவத்தை எட்டிவிட்டது. லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சொற்கள், பேச்சில் உயிர் மங்கினாலும், எழுத்தில் தம் வேரின் எழுத்தைப் பெரும்பாலும் விடாமல் வைத்திருந்தன. ஆகவே ஷ்வாவின் இடத்தில் நிற்கும் எழுத்து கண்ணை மூடிக்கொண்டு போட்ட எழுத்து அன்று. குடும்பத்தில் வேறொரு சொல்லில் அது இன்றும் உயிரோடு ஒலித்துக்கொண்டிருக்கும். ஐயம் வரும்போது அந்த உறவுச் சொல்லைத் தேடுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

‘கிராமர்’ என்பதன் முடிவு ‘இ-ஆர்’ஆ, ‘ஏ-ஆர்’ஆ என்று ஐயமா? ‘கிரமாட்டிகல்’ என்று சொல்லிப் பாருங்கள். அழுத்தம் விழுந்த இடத்தில் ‘ஏ’ கேட்கிறது. ‘டெஃபினிட்’ என்பதன் நடுவில் ‘ஏ’ எழுதுவது மிகப் பரவலான பிழை. ‘டெஃபினிஷன்’ என்றதும் ‘ஐ’ என்பது தெரிந்துவிடும். ‘காம்பெடிஷன்’ என்பதன் ‘இ’யை ‘கம்பீட்’ காட்டும். ‘ஆப்போசிட்’ என்பதன் நடு ‘ஓ’வை ‘அப்போஸ்’ காட்டும். ‘சிம்பல்’ என்பதற்கு ‘சிம்பாலிக்’, ‘மெட்டல்’ என்பதற்கு ‘மெட்டாலிக்’, ‘மெமரி’க்கு ‘மெமோரியல்’, ‘இண்டஸ்ட்ரி’க்கு ‘இண்டஸ்ட்ரியல்’, ‘ஹியூமன்’ என்பதற்கு ‘ஹியூமானிட்டி’. ‘எகானமி’, ‘எகனாமிக்’ ஆகிய இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன: முன்னதில் தெளிவாகக் கேட்கும் முதல் ‘ஓ’ பின்னதில் மங்குகிறது, முன்னதில் மங்கிய இரண்டாம் ‘ஓ’ பின்னதில் தெளிகிறது. ‘பிரின்சிபல்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில், முதல்வரைக் குறிப்பது ‘ஏ-எல்’ என முடியும் என்பதை ‘பிரின்சிபாலிட்டி’ சொல்லிவிடும். கொள்கையைக் குறிக்கும் மற்றது ‘எல்-இ’ என முடியும். ‘மெண்ட்’ என முடியும் சொற்கள் அனைத்துக்கும் ‘என்விரான்மென்டல்’ என்ற ஒரு சொல்லே போதுமான சாட்சி.

செயல் செய்பவரைக் குறிக்கும் ஈறு ‘இ-ஆர்’ஆ ‘ஓ-ஆர்’ஆ என்ற கேள்வியில் சற்று நின்று பார்ப்பது தகும். இங்கிலாந்தின் பொதுவான உச்சரிப்பில் இந்த ஈறுகள் வெறும் ஷ்வாவாகவே முடியும். அமெரிக்கர், ஸ்காட்லாந்தினர், அயர்லாந்தினர் ரகரத்தை ஒலிப்பார்கள், நாமும் ஒலிக்கிறோம், அதை மாற்ற வேண்டியதில்லை. எழுத்தில் மிகப் பொதுவானது ‘இ-ஆர்’: டீச்சர், டிரைவர், ரைட்டர். ஆனால் மூல வினை ‘சி-டி’ என்ற மெய்களில் முடிந்தால் பெரும்பாலும் ‘ஓ-ஆர்’ வரும். கலெக்டர், கண்டக்டர், இன்ஸ்பெக்டர், டைரக்டர், ஆக்டர், கான்ட்ராக்டர் என்று தமிழில் அன்றாடம் சொல்லும் பெயர்கள் எல்லாம் இந்த வகைதான் என்பதால் இவ்விதியை நினைவில் வைப்பது நமக்கு எளிது. பல அசைகள் கொண்டு ‘ஏ-டி-இ’ என முடியும் வினைகளும் பெரும்பாலும் ‘ஓ-ஆர்’ பெறும்: கால்குலேட்டர், ஆப்பரேட்டர். மற்றவற்றுக்கு உறவுச் சொல் உண்டு. ‘எடிட்டோரியல்’ என்பதால் எடிட்டருக்கு ‘ஓ’. ‘ஆத்தாரிட்டி’ என்பதால் ஆத்தருக்கு ‘ஓ’. ‘மினிஸ்டீரியல்’, ‘மேனஜீரியல்’ என்பதால் மினிஸ்டருக்கும் மேனேஜருக்கும் ‘இ’. ‘சிமிலாரிட்டி’, ‘பாப்புலாரிட்டி’, ‘ரெகுலாரிட்டி’ என்பதால் சிமிலர், பாப்புலர், ரெகுலர் மூன்றுக்கும் ‘ஏ’.

‘ஏ-என்-டி’யா ‘இ-என்-டி’யா என்பதிலும் இதே வழி. ‘ரெசிடென்ஷியல்’, ‘பிரெசிடென்ஷியல்’, ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று ‘எ’ ஒலி கேட்பதால் ரெசிடென்ட், பிரெசிடென்ட், கான்ஃபிடென்ட் ஆகியவற்றுக்கு ‘இ’. ‘சப்ஸ்டான்ஷியல்’ என்பதால் ‘சப்ஸ்டன்ஸ்’ என்பதற்கு ‘ஏ’. ‘அப்சர்வேஷன்’, ‘டாமினேஷன்’, ‘ஹெசிடேஷன்’, ‘கன்சல்டேஷன்’ என்று ‘ஏஷன்’ ஈறு கொண்ட உறவு இருந்தால் அப்சர்வன்ட், டாமினன்ட், ஹெசிடன்ட், கன்சல்டன்ட் எல்லாம் ‘ஏ’. மேலும் ஒரு துணை: ‘சி’ என்ற எழுத்து சகரமாகவும், ‘ஜி’ என்ற எழுத்து ஜகரமாகவும் ஒலித்தால் அடுத்து ‘இ’தான் வர முடியும், ஏனெனில் ‘ஏ’ வந்தால் அவை ககரமாகிவிடும். இன்னசென்ட், ரீசென்ட், அர்ஜென்ட், ஏஜென்ட் ஒருபுறம். வேகன்ட், அப்ளிகன்ட், எலிகன்ட், அரகன்ட் மறுபுறம். ‘சார்ஜென்ட்’ என்பதில் ‘ஜி’யின் ஜகர ஒலியைக் காக்கவே ‘இ’யும் அதன்பின் ‘ஏ’யும் சேர்ந்து நிற்கின்றன.

‘ஏபிள்’, ‘ஐபிள்’ ஈறுகளில் மட்டும் உறவுச் சொல்லின் உதவி குறைவு. ஈற்றை நீக்கினால் முழுச் சொல் மிஞ்சுமானால் பெரும்பாலும் ‘ஏ’ (ரீடபிள், அக்செப்டபிள்), மிஞ்சாவிட்டால் பெரும்பாலும் ‘ஐ’ (பாசிபிள், விசிபிள், டெரிபிள்) என்பது பயன்படும் விதிதான். ஆனால் ‘அக்செசிபிள்’, ‘ஃபிளெக்சிபிள்’ போன்றவை அதை மீறும் என்பதால் முழுவதும் நம்பிவிடக் கூடாது.

உறவுச் சொல்லும் சில இடங்களில் வழிதவறச் செய்யும். ‘ப்ரனவுன்ஸ்’ என்ற வினையில் ‘ஓ-யு’ இருக்கிறது. ‘ப்ரனன்சியேஷன்’ என்ற பெயரில் ‘ஓ’ விழுந்து ‘யு’ மட்டும் நிற்கிறது. ‘எக்ஸ்பிளெய்ன்’ என்பதன் ‘ஏ-ஐ’, ‘எக்ஸ்பிளனேஷன்’ என்பதில் ‘ஏ’ மட்டுமாகிறது. ‘மெயின்டெய்ன்’ என்பதிலிருந்து வந்த ‘மெயின்டெனன்ஸ்’ என்பதன் நடுவில் ‘இ’ வருகிறது. அழுத்தமுள்ள அசையில் இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து நின்றால், அழுத்தம் விலகும்போது அவை ஒன்றாகக் குறையக்கூடும் என்று எதிர்பார்த்திருப்பது நல்லது.

உயிர் முற்றிலும் மறையும் சொற்கள்

ஷ்வா இன்னும் மெலிந்து இல்லாமலே போகும் சொற்களும் உண்டு. ‘சாக்லேட்’ பலருடைய பேச்சில் இரண்டே அசை; அதன் நடுவில் உள்ள ‘ஓ’ ஒலிப்பதில்லை. ‘கேமரா’, ‘டிஃபரன்ட்’, ‘வெஜிடபிள்’, ‘கம்ஃபர்டபிள்’, ‘ஃபேமிலி’ ஆகியவற்றிலும் நடு அசை விழுந்துவிடும். இங்கே நம்முடைய பழைய பள்ளிப் பழக்கம் பேருதவி செய்கிறது. எழுத்தெழுத்தாக ஒலித்துப் படித்தவர்கள் இச்சொற்களில் எழுத்தைத் தவறவிடுவது குறைவு. ஆகவே அந்தப் பழக்கத்தை அழிக்கச் சொல்ல மாட்டேன். வாய்க்கு ஓர் உச்சரிப்பும் கைக்கு ஓர் உச்சரிப்பும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பேசும்போது ‘செப்ரட்’ என்று சுருக்கிச் சொல்லலாம்; எழுதும்போது மனத்துக்குள் ‘செப்-ஆர்-ஏட்’ என்று விரித்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த ‘பி-ஏ-ஆர்’ என்ற பகுதி ‘ப்ரிபேர்’ என்ற சொல்லில் இருக்கும் அதே லத்தீன் வேர்தான்.

உறவும் இல்லாமல் விதியும் இல்லாமல் நிற்கும் சொற்கள் சில எஞ்சும். ‘கேலண்டர்’ என்பதன் முடிவு ‘ஏ-ஆர்’. ‘செமட்ரி’ என்பதில் உள்ள மூன்று உயிரும் ‘இ’, இறுதியில் மட்டும் ‘ஒய்’. ‘ரெலவன்ட்’ என்பதன் நடுவில் ‘இ’, ஈற்றில் ‘ஏ’. எழுதுபொருள் கடையின் ‘ஸ்டேஷனரி’ என்பதில் ‘இ-ஆர்-ஒய்’ வரும், ஏனெனில் அது ‘ஸ்டேஷனர்’ என்ற வணிகரின் பெயரிலிருந்து வந்தது. அசையாமல் நிற்பதைக் குறிக்கும் அதே ஒலியுடைய மற்றச் சொல்லுக்கு ‘ஏ-ஆர்-ஒய்’. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஆனால் இந்தப் பட்டியல் சிறியது. எல்லாச் சொற்களையும் மனப்பாடமாக்கும் சுமையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பயிற்சிக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். புதிய சொல்லை எழுதி, அழுத்தமுள்ள அசைக்கு அடிக்கோடிட்டு, ஷ்வாவாக ஒலிக்கும் எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதற்கு எதிரே அந்த எழுத்து தெளிவாகக் கேட்கும் உறவுச் சொல்லை எழுதுங்கள். உறவு கிடைக்காத சொல்லுக்கு எதிரே இடத்தை வெறுமையாக விடுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியவை எவை என்பதை அந்த வெற்றிடங்களே காட்டும். பின்னர் ஆங்கிலச் செய்தியறிக்கை ஒன்றில் எழுத்துவடிவம் கிடைக்கும் சிறு பகுதியை எடுத்து, முதலில் தாளில் வட்டமிட்டுவிட்டு, அதன்பின் ஒலியைக் கேட்டுச் சரிபாருங்கள். அதே பகுதியைக் கைப்பேசியில் உங்கள் குரலில் பதிவு செய்து செய்தியாளரின் குரலோடு அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது அழுத்தமுள்ள அசைகள் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பது. அது பொருந்திய பிறகே ஒவ்வொரு ஷ்வாவையும் தனித்தனியாகத் திருத்தத் தொடங்குங்கள்.